பீரோக் கதவு

கடைசித் திருகாணியை அவர் முறுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார்.

நடு அறையில் மகன் சேது அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். காலையில்தான் கொத்தனார் வந்து, கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்துவிட்டுப் போனார்.

கீழே கட்டில் முழுக்க வெயில். நடுவில் அவர் மனைவி.

இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அவளுக்கு அந்த அறைதான். இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் வைக்க வழி கிடையாது. வெயில் கொல்லைப்புறத்தோடு நின்றுவிடும்.

அதனால்தான் அவள் படுத்த புதிதில் ஒருநாள், அவள் சீராகக் கொண்டுவந்த மர பீரோவின் கதவைக் கழற்றினார். ஆளுயரக் கண்ணாடி பதித்த கதவு. அதைக் கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் சாய்த்தார். வெயில் அதில் பட்டு, சமையற்கட்டைத் தாண்டி, அவள் மடியில் போய் விழுந்தது.

"எங்கப்பா போட்ட பீரோவை மொட்டையாக்கிட்டீங்களே! வர்றவங்க என் கந்தலையெல்லாம் பாக்கணுமா?"

ஏசி முடித்துவிட்டு, முறத்தை இழுத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

வெயில் ஓரிடத்தில் நிற்குமா? நகர்ந்துவிடும்.

"ஏங்க, போயிருச்சு."

அவர் எழுந்து போய்க் கதவைத் திருப்புவார்.

"மூஞ்சியில அடிக்குது. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்."

ஒரு நாளும் அவரைப் பேப்பரில் பாதிப் பக்கம் படிக்கவிட்டதில்லை.

மழைக்காலத்தில் கூப்பிட மாட்டாள். வீடே சத்தமற்றுக் கிடக்கும்.

"இனிமே நீங்க கொல்லைக்கும் உள்ளுக்கும் அலைய வேண்டாம்ப்பா," என்றான் சேது. "அம்மா பீரோவுக்கும் கதவு வந்துருச்சு."

நல்ல பிள்ளை. அவனைக் குறை சொல்ல வாய் வராது.

திருகாணியை முறுக்கினார்.

கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்குள் ஒரு கிழவர், கையில் திருப்புளியோடு.

சேது கிளம்பிப் போனான்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். முதல் பக்கத்தை முழுதாகப் படித்தார். விளம்பரத்தைக்கூட விடவில்லை. அடுத்த பக்கத்தையும் படித்தார்.

உள்ளே முறத்தில் அரிசி சரிகிற சத்தம்.

பிறகு அதுவும் இல்லை.

பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார்.

"ஏங்க, போயிருச்சு."

எழுந்து போய் எட்டிப் பார்த்தார்.

முறத்தில் வெயில். அவள் விரல்களில் வெயில். நரைத்த வகிட்டில் வெயில்.

அவள் நிமிரவில்லை. ஏதோ ஒரு கல்லை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடி ஓட்டை அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

"இதோ வர்றேன்," என்றார்.

திருப்புளியை எங்கே வைத்தோம் என்று தேடத் தொடங்கினார்.