ராணியம்மாளுக்கு வேண்டாத பாலிசி

"எனக்கு வேணாம். அவருக்குப் போட்டதோட நிறுத்திக்குங்க பாய்" என்று சொல்லி, கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள் ராணியம்மாள்.

தங்கதுரைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஏசிக்காகவே நாலு பேர் வந்து உட்கார்ந்திருக்கிற ஹயாத் பாஷாவின் டிராவல்ஸ் கடை அது. ஊர்த் தலைவர், ஒரு சொல் சொன்னால் ஊரே கேட்கும் என்று பேர் எடுத்தவர், கட்டின பெண்டாட்டியிடம் ஒரு கையெழுத்து வாங்க முடியாமல் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

விஷயம் இவ்வளவுதான். அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தனுஷா அப்பாவையும் அம்மாவையும் மலேசியாவுக்கு அனுப்பிவைக்கிறாள். பத்துமலை முருகனைப் பார்த்துவிட வேண்டும் என்பது ராணியம்மாளின் நெடுநாள் ஆசை. டிக்கெட் போட்டாகிவிட்டது. இன்சூரன்ஸ்தான் பாக்கி.

"ஒரு வாரம் சுத்திட்டு வர்றதுக்கு இன்னாத்துக்கு இன்சூரன்ஸ்?" என்று முதலில் இழுத்தவர் தங்கதுரையேதான். ஆனால் பெண்டாட்டிக்கு நெஞ்சு அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வைத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒரு காணி நிலம் போய்விடும் என்று பாஷா சொன்னதும் மனுஷர் கலங்கிப்போனார். இருக்கிற வியாதியை மறைக்காமல் சொன்னால் அதற்கும் சேர்த்துப் பாலிசி உண்டாம். "ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல, அதையே போடுங்க" என்று தாராளமாகச் சொல்லிவிட்டார்.

ராணியம்மாளும் அதுவரைக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். பாஷா ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"அல்லா காப்பாத்தணும். அப்படியே எதனா ஆயிட்டாலும், ஒடம்பை ஊர் வரைக்கும் கொண்டாந்து சேக்கற செலவு கம்பெனியோடதுங்கக்கா."

அந்த இடத்தில்தான் அவள் பேனாவை வைத்தாள்.

இப்போது, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் தர முடியுமா என்று கேட்டாள். முடியாது, எல்லாம் சேர்ந்ததுதான் பாலிசி என்றார் பாஷா.

"அப்ப வேணாம் பாய்."

சோபாவில் இருந்த ஒருவர் சிரித்தார். கிளம்புகிற நேரத்தில் சாவுப் பேச்சை எடுத்தால் பொம்பளைங்க பயப்படத்தான் செய்வாங்க என்று பாஷாவுக்கே புத்தி சொன்னார்.

தங்கதுரையும் அப்படித்தான் நினைத்தார். சகுனம் பார்த்துக்கொண்டு உயிரோடு விளையாடுகிறாளே என்று ஆத்திரம் பொங்கியது. ஆத்திரத்துக்கு அடியில் இருந்தது பயம். அடைப்பு வந்த அன்றைக்கு ஆம்புலன்சில், சில்லிட்டுப்போன அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனவர் அவர். அவள் இல்லாவிட்டால் தனக்கு ஒரு வாய் சோறு இறங்காது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதட்ட வாயெடுத்தவர் கெஞ்சத்தான் செய்தார்.

"இன்னா ராணி இது, சின்னப் புள்ளையாட்டம் பயந்துக்கினு? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, உன்னை முகம் தெரியாத ஊர்ல அனாதையா வுட்டுட்டு நான் மட்டும் வரணுமா? நம்ம வூட்டு வாசல்ல கிடத்தி, நம்ம சனம் ஒரு தடவ முகத்தைப் பாத்து அழுது அனுப்ப வேணாமா?"

ராணியம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"அம்சவள்ளியும் இதைத்தாங்க கேட்டா" என்றாள்.

தங்கதுரைக்கு முகம் கறுத்துவிட்டது.

அம்சவள்ளி அவர்கள் தெருக்காரி. மலேசியாவில் ஓட்டல் வேலைக்குப் போன அவள் மகன் இளவரசன், போன கோடையில் பெட்டிக்குள் திரும்பி வந்தான். வெளியில் செத்த உடம்பு உள்ளே வந்தால் ஊருக்கு ஆகாது, எல்லையிலிருந்து நேரே சுடுகாட்டுக்குப் போகட்டும் என்று சொன்னவர் ஊர்த் தலைவர் தங்கதுரைதான். கொஞ்ச நேரம் என் வாசலில் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் காலில் விழுந்தாள். அவர் மசியவில்லை. சுடுகாட்டில் எல்லாம் தயாராகும் வரைக்கும் தார் ரோட்டோரத்தில், கத்திரி வெயிலில், பெட்டியும் அதைக் கட்டிக்கொண்டு பெற்றவளும் கிடந்தார்கள்.

"அது ஊர் கட்டுப்பாடு, நானா வெச்சேன்?" என்றார் தங்கதுரை. சோபாக்காரர்கள் பக்கம் பார்க்காமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "நமக்குன்னு வந்தா நான் பேசிக்கிறேன், வுடு."

ராணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் புள்ளைய வுடாத ஊருக்குள்ள என்னைக் கொண்டாராதீங்க. அங்க முகம் தெரியாதவங்க தூக்கிப் போட்டாக்கூட, என்னை ரோட்டுல கிடத்தி வைக்க மாட்டாங்க."