வேதாகம உறை

மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வேண்டாம் என்று தள்ள முடியுமா, அதுவும் பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு?

பெட்டிக்குள் பொன்ரோஸ் வெள்ளைச் சேலையில் கிடந்தாள். இடது கன்னம் நீலம் பாரித்திருந்தது. நேற்றுக் காலை துணி துவைக்கிற தொட்டியருகே வலிப்பு வந்து, முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்து, அப்படியே போய்விட்டாள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான்.

மூன்று மாதமாக அவள் வலிப்பு மாத்திரை போடவில்லை.

ஏன் போடவில்லை என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். காலையிலிருந்து பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"சிஸ்டருக்க சாட்சியக் கேட்ட அன்னைக்கே மாத்திரையத் தூக்கி எறிஞ்சா. அப்பிடி ஒரு விசுவாசம்."

சிஸ்டர் என்றால் இப்போது மைக்கோடு நிற்கிறவள்தான்.

அவளுக்கும் அதே வலிப்பு. ஆறு வருடமாக வரவில்லை. முதல் வருடம் முடிந்ததும் பாஸ்டர் சாட்சி சொல்லச் சொன்னார். ஒரு வருஷமாக வரவில்லை, இயேசப்பா சுகம் தந்தார் என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கைதட்டினார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். அதுவரை அவள் குடித்த தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்த மாமியார், அன்றைக்குத்தான் அவளோடு உட்கார்ந்து சோறு தின்றாள்.

மறு வருடம் கன்வென்ஷன் நோட்டீசில் அவள் படத்தைப் போட்டார்கள். அதன் பிறகு வருடா வருடம் அதே சாட்சிதான். எந்த வாயால் மாத்திரையைச் சொல்வது?

விசுவாசம் இல்லாதவள் என்று மட்டும் அவளைச் சொல்லிவிடக் கூடாது. தினமும் விடிந்ததும் முழங்காலில் நின்று, நெஞ்சுருகி ஜெபித்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவாள். அட்டையை ஒளித்து வைக்கிற இடமும் வேதாகமத்தின் ஜிப் உறைதான். அலமாரியில் வைத்தால் மாமியார் கை போகும். அடுத்தவர் வேதத்தைத் துழாவுகிற கை அந்த வீட்டில் கிடையாது.

இப்போதும் அது அவள் கக்கத்தில் இருந்தது. இன்று காலை மட்டும் அதைத் திறக்க மனசு வரவில்லை.

இரவெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். நான் மாத்திரை போடுகிறேன். மூன்றே சொல்.

"ஸ்தோத்திரம்" என்றாள் மைக்கில்.

"ஸ்தோத்திரம்!" என்றது பந்தல்.

அவ்வளவுதான். வாய் பழகின வழியில் போய்விட்டது. பதினைந்து வயதில் முதல் வலிப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கேலி, ஜெபம், சுகம். குரல் எங்கே தழுதழுக்க வேண்டுமோ சரியாக அங்கே தழுதழுத்தது. அந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று அவளுக்கே தோன்றியது.

பாதியில் பொன்ரோசின் புருஷன் வேதமணி எழுந்தான்.

அழுதழுது கண் வீங்கியிருந்தது. அவனைக் குற்றம் சொல்ல யாருக்கு மனசு வரும்? பெண்டாட்டி செத்தது வீணில்லை என்று நம்பினால்தான் அவனால் இன்றைய பொழுதைத் தாண்ட முடியும்.

சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். பாதி தீர்ந்திருந்தது.

மகள் அக்சாவுடையது. பன்னிரண்டு வயது. தாயைப் போலப் பிள்ளை என்பார்கள். இந்த வீட்டில் அது நோய்க்கும் பலித்திருந்தது. தன் மாத்திரையை எறிந்த பொன்ரோஸ், மகளுடையதை எறியவில்லை. பெற்ற வயிறு அதற்குத் துணியவில்லை.

"எனக்க மகளுக்கும் இனி இது வேண்டாம், ஆண்டவரே."

அட்டையைப் பெட்டிக்குள், பொன்ரோசின் காலடியில் வைத்தான்.

அல்லேலூயா என்று பந்தல் அதிர்ந்தது. பாஸ்டர் கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினார். பெட்டியின் மூடியைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள்.

அக்சா மட்டும் கைதட்டவில்லை. அம்மாவின் காலடியில் கிடந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். பயந்த பிள்ளை பெரியவர்களைப் பார்க்கிற பார்வை.

சாட்சி நின்றது.

ஜிப்பை இழுக்கும் சத்தம் மைக்கில் பெரிதாகக் கேட்டது.

அவள் தன் அட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிதுக்கினாள். திருவிருந்து அப்பம் வாங்குகிறவளைப் போல, எல்லோரும் பார்க்க நாக்கில் வைத்தாள்.

முன்வரிசையில் மாமியாரின் கை வாய்க்குப் போனது.

நாக்கெல்லாம் கசந்தது. மூடியைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நிற்க, அவள் பெட்டிக்குள் குனிந்து அந்த அட்டையையும் எடுத்தாள். பொன்ரோசின் பாதம் சில்லென்று விரலில் பட்டது.

நிமிர்ந்தபோது வேதமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய அட்டையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல உடைந்தது. பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும் என்று பார்த்தாள்.

"தண்ணி கொண்டா மக்களே" என்றாள் அக்சாவிடம். "ரெண்டு பேருக்கு."

அக்சா அப்பாவைப் பார்த்தாள். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தான்.

பிள்ளை எழுந்து வீட்டுக்குள் போனாள்.

குடத்துக்குள் செம்பு முங்கும் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது.