கேலரிக்கு அடியில்

பழைய ஸ்டேடியத்தைப் பலப்படுத்தப் புதுக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். சுத்தியலால் தட்டினால், உள்ளே காலியாக இருக்கும் இடத்தைத் தேடி அது தானாக வளர்ந்து அடைத்துவிடும்.

கேலரிக்கு அடியில் ஒயர் இழுக்கப் போன ரத்தினசாமியைக் காணவில்லை. அவர் நுழைந்த வழி சுவராகியிருந்தது.

"இங்க யாரு தட்டினது?" என்றாள் இன்ஜினியர் தெரசா.

"நான்தான் மேடம்." கொத்தனார் இசக்கி முன்னால் வந்தார். "எந்தச் சுவரப் பார்த்தாலும் தட்டிப் பாக்குற பழக்கம். உள்ள காலியா இருக்குற மாதிரி சத்தம் கேட்டுது."

சுவருக்குள்ளிருந்து டொக், டொக் என்று கேட்டது. உதவிக்காக ரத்தினசாமி தன் சுத்தியலால் தட்டுகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் கான்கிரீட் அவரை நெருங்கும்.

"தட்டாதீங்கண்ணே" என்று இசக்கி தொண்டை கிழியக் கத்தினார். உள்ளே தட்டுவது நிற்கவில்லை.

அந்தச் சுவரைத் தாண்டி ரத்தினசாமியின் காதுக்கு எட்டக்கூடியது சுத்தியல் சத்தம் மட்டும்தான்.