சம்பத்குமாரின் தோஷம்

சம்பத்குமாருக்கு மூன்றாம் தாரமாகச் சின்ன காஞ்சிபுரம் வந்த இருபதாம் நாள், அம்ருதவல்லிக்கு ஜுரம் அனலாய்க் கொதித்தது.

"அம்மா, தாங்கலை. டாக்டரைக் கூப்பிடுங்கோளேன்."

"ஆள் போயிருக்குடி. கண்ணை மூடிக்கோ," என்று மாமியார் நெற்றியைத் தடவிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். சீர்செனத்தி கேட்காமல் ஏழைப் பெண்ணை எடுத்துக்கொண்ட மனுஷி பொய் சொல்லமாட்டாள் என்று அம்ருதவல்லி நம்பினாள்.

கூடத்தில் யாரோ ஒரு மாமியின் குரல் கேட்டது.

"உங்க பிள்ளை ஜாதகத்துலே மூணாம் தாரம் தங்காதாமே? முதல்லே ஒரு எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டி, தோஷத்தை அது தலையிலே இறக்கிடுங்கோ. அப்புறந்தான் எங்க ரமாமணியைத் தருவோம்."

"செடி எதுக்கு, சம்பந்தி?" என்று மாமியார் சிரித்தாள். "அதுக்குன்னுதானே இவளைக் கொண்டுவந்தோம்! ரெண்டு நாள் பொறுங்கோ. டாக்டருக்குக்கூடச் சொல்லியனுப்பலை."