பியரின் மீதிப் பாதி

அன்று மாலை குன்னூர் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். சூசைநாதன். அவர் மகன் பெலிக்ஸ். மாப்பிள்ளை பார்க்க வந்த வியாகுலம். வியாகுலத்தின் மகள் ரெஜினா.

வேறு யாரும் இல்லை. இதில் பிசகு வேண்டாம்.

விருந்தாளிகள் கூடத்தில். தகப்பனும் மகனும் சமையலறையில்.

அடுப்பில் மாட்டுக்கறி. இரண்டு மணி நேரமாகச் சின்னத் தீயில் வெந்துகொண்டிருந்தது. ஊட்டி உருளைக்கிழங்கு, கேரட், பெரிய பெரிய துண்டுகளாக வெங்காயம். மிளகாய்த்தூள் கிடையாது. அயர்லாந்து ஓட்டலில் பெலிக்ஸ் கற்றுவந்த குழம்பு. குளிருக்கு அதையே வைக்கச் சொல்லி வியாகுலம்தான் கேட்டிருந்தார்.

அதில் கறுப்பு பியர் சேரும் என்பது அவருக்குத் தெரியாது.

பெலிக்ஸுக்கு அயர்லாந்தில் வேலை போனது குடியால் என்பது அவருக்குத் தெரியும்.

இனிக் குடிப்பதில்லை என்று பெலிக்ஸ் கோயிலில் சத்தியம் செய்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. சூசைநாதன் முப்பது வருடமாகப் பங்கின் மதுவிலக்குச் சபைத் தலைவர். சத்தியத்தை அவர் நம்பினார்.

மகனை நம்பவில்லை.

அதனால் அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பாதி பாட்டில் முதலிலேயே சட்டிக்குள் போய்விட்டது. மீதியைப் பெலிக்ஸ் ஒரு டம்ளரில் ஊற்றி மேடையில் வைத்தான். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் திணித்தான்.

“மிச்சம் எதுக்குடா?”

“வேணும்ப்பா.”

எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை.

நுரை அடங்கியது. மகன் கரண்டி எடுக்கத் திரும்பும்போதெல்லாம் அவர் டம்ளரின் அளவைப் பார்த்தார். குறையவில்லை.

ஒரு கட்டத்தில் பெலிக்ஸ் சட்டியின் மூடியைத் திறந்தான். டம்ளரைக் கையில் எடுத்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு வியாகுலம் உள்ளே வந்தார்.

“வாசனை கூடம் வரைக்கும் வந்து இழுக்குதே, மாப்ள!”

சிரிப்பு பாதியில் நின்றது. மூக்கு ஒரு முறை சுருங்கியது.

“கையில என்னது?”

பெலிக்ஸ் வாயைத் திறப்பதற்குள் சூசைநாதன் எழுந்துவிட்டார். டம்ளரை வாங்கினார்.

“என்னோடது.”

நிமிர்ந்து நின்று ஒரே மூச்சில் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

வியாகுலத்துக்குச் சிரிப்பு தாளவில்லை.

“சபைத் தலைவரே! ஞாயித்துக்கிழமை எங்களுக்குப் புத்தி சொல்றதெல்லாம் இந்த லட்சணத்துலதானா? சரி, சரி. மாமனார் குடிச்சாப் பரவால்ல. மாப்ள குடிக்காம இருந்தாப் போதும்.”

தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தோளில் அதுவரை யாரும் தட்டியதில்லை.

பெலிக்ஸ் காலி டம்ளரைப் பார்த்தான். பிறகு சட்டியை.

“கடைசி அரை மணிக்கு ஊத்தறதுப்பா அது. அப்பத்தான் கசப்பு நிக்கும்.”

மூடியை மூடினான்.

ரெஜினா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சூசைநாதன் ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

குழம்பு இனித்தது.

ஈஸ்டர் முடிந்து கலியாணம் நடந்தது. அதற்கு முன்பே அவர் சபைத் தலைமையிலிருந்து விலகிவிட்டார். ஆள் ஆரம்பத்திலிருந்தே ஒளிந்து குடித்தவர் என்று குன்னூரில் இன்றும் ஒரு பேச்சு உண்டு.

பொய்.

ஒரே ஒரு டம்ளர். அதுவும் குழம்புக்கு வைத்தது.