மயிலார் பார்த்த அக்கரைத் தேர்தல்

அக்கரைக் காட்டில் யானைக்கும் கழுதைக்கும் தலைவர் போட்டி. இக்கரைத் தோட்டத்து மயிலாருக்கு ஒரு வாரமாக இரை இறங்கவில்லை.

"இதெல்லாம் ஒரு காடா? ஒண்ணு பிளிறுது, இன்னொண்ணு உதைக்குது. நம்ம தோட்டத்துல இப்படி அசிங்கம் உண்டா?" என்று தோகையைச் சிலுப்பிக்கொண்டார். கண் மட்டும் ஆற்றைத் தாண்டியே கிடந்தது.

"அண்ணே, இன்னிக்கு நம்ம தோட்டத்துக்கும் காவலாளி தேர்தல். நரி நிக்குதாம், வந்து எதிர்த்து ஓட்டுப் போடுங்க" என்றது வாத்து.

"அட போம்மா! அங்கே யானை ஜெயிச்சா ஆத்துத் தண்ணியைக் கலக்கிடும். அது தெரியுமா உனக்கு?"

தண்ணீர் என்றதும் வாத்தும் ஓட்டை மறந்தது. அதுவும் தோட்டத்துக்குள்ளேயே ஆற்றங்கரை ஓரமாக உட்கார்ந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தத் தோட்டமும் அங்கே கூடிவிட்டது.

"கழுதைக்கே ஓட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினார் மயிலார்.

அக்கரைக் குரங்கு வானத்தைப் பார்த்தது. "மயில் கத்துது, மழை வரும்போல."

சாயங்காலம் கழுத்தில் மாலையோடு நரியார் வந்து நின்றார். இக்கரையில் விழுந்த ஒரே ஓட்டு அவருடையதுதான்.

"அக்கரையில யாருண்ணே ஜெயிச்சது?" என்று பணிவாகக் கேட்டபடியே தோட்டத்துக் கதவை உள்பக்கமாகத் தாழ்போட்டார்.