ஒரு பிளாக் கூடுது

"ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்க. உங்க பாய் டேப்பும் கையுமா நம்ம செவுத்தை அளந்துட்டிருக்காரு."

குறுவை நடவுக்கு ஆள் கிடைக்காமல் போனில் மன்றாடிக்கொண்டிருந்த தமிழரசன், டேப் என்றதும் போனை வைத்துவிட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அளந்துட்டுப் போகட்டும், விடு."

"எதைத்தான் விடுறது?" சாவித்திரிக்கு எரிச்சலாக வந்தது. "எட்டு வருஷமா நம்ம வாசல்ல வண்டியை நிறுத்தி கேட்டைத் திறக்க விடமாட்டேங்கிறாரு. இன்னைக்குச் செவுரு. நாளைக்குக் கூடத்துல பாய் போட்டுப் படுத்துக்குவாரு."

பக்கத்து வீட்டுக் கலந்தருக்கு வாழையிலை வியாபாரம். இலைக்கட்டு ஏற்றும் அவருடைய பழைய மொபெட் பாதி சாவித்திரியின் கேட்டை மறைத்தபடிதான் நிற்கும். அதைத் திட்டாமல் சாவித்திரிக்குக் காலைக் காபி இறங்காது.

தெருவுக்கு வந்தாள். டேப்பின் ஒரு முனை கலந்தர் கையில், மறுமுனை அவர் மகள் ஆஷிகா கையில்.

"என்ன பாய், யாரு மனையை அளக்குறீங்க?"

"பிள்ளைங்க ரெண்டும் கேம்ல பிளாக் அடுக்கி நம்ம தெருவைக் கட்டுதுங்க தங்கச்சி. உங்க வானதிதான் அளவு கேட்டுச்சு. அதான் டேப்பு பிடிக்கிறேன்."

"விளையாட்டுக்கு யாராச்சும் அடி, அங்குலம் பாப்பாங்களா? யாரு காதுல பூ சுத்துறீங்க?"

கலந்தர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஆஷிகா முகம் சுண்டி பின்னாலேயே போனாள்.

ஜெயித்த தெம்பில் சாவித்திரி உள்ளே வந்தால், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் வானதி மடியில் டேப்லெட்டும் பக்கத்தில் வீட்டுப் பத்திரமுமாக உட்கார்ந்திருந்தாள்.

"பத்திரத்தை யாருடி எடுக்கச் சொன்னது?"

"அளவு சரியான்னு பாக்கத்தாம்மா. கேம்ல ஒரு பிளாக்குன்னா ஒரு மீட்டர். மூணேகால் அடி."

"நல்லதாப் போச்சு. நம்ம மனை கிழமேல் எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

"முப்பது அடி. ஒம்பது பிளாக்."

"அவரு அளந்ததுல எவ்வளவு? ஒரு விரக்கடை குறையட்டும், பஞ்சாயத்தைக் கூட்டிடறேன்."

"குறையலம்மா, கூடுது. முப்பத்திமூணு அடி. பத்து பிளாக் வருது." வானதி திரையைத் திருப்பிக் காட்டினாள். "நம்ம பாத்ரூம் பாய் மாமா இடத்துல நிக்குது."

சாவித்திரி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"எட்டு வருஷம் முன்னாடி நீ கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப கட்டினது," என்றார் மெதுவாக. "கொல்லைக்கோடியில இருந்த பாத்ரூம் வரைக்கும் நீ போக முடியாது. வீட்டோட சேர்த்துக் கட்டலாம்னா, உள்ள வீல்சேர் திரும்ப மூணு அடி பத்தலை. பாய்தான் கொத்தனார் அளவுக்குக் கட்டின கயித்தை அவுத்து, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற தன்னோட சந்துக்குள்ள தள்ளிக் கட்டினாரு."

"அந்தச் சந்துல பாதி நம்மளதுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன். ஏன் சொல்லலை?"

"அவருதான் வேணாம்னாரு. தெரிஞ்சா, ஒவ்வொரு தடவை உள்ள போறப்பவும் தங்கச்சிக்குக் கூச்சமா இருக்கும்னாரு."

சாவித்திரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப... அந்த வண்டி?"

"முன்னாடி சந்துலதான் நின்னுச்சு. இப்ப சந்து ரெண்டடி. எங்கேருந்து வண்டி போகும்?"

எட்டு வருடத்துக் காலைத் திட்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டேப்லெட் 'டிங்' என்றது.

"ஆஷிகாதாம்மா மெசேஜ் அனுப்பியிருக்கா," என்றாள் வானதி. "பத்திரப்படி நம்ம பாத்ரூமை ஒரு பிளாக் இடிக்கணுமான்னு அவ அத்தாகிட்ட கேட்டாளாம். பத்திரம் எழுதினவர் கணக்கு தப்பு, பத்தே போடுங்கன்னுட்டாராம்."

சாவித்திரி எழுந்தாள். வாசலுக்குப் போய் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். பக்கத்து வீட்டைப் பார்த்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக 'பாய்' என்னாமல் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வண்டியை எங்க போர்ட்டிகோவுல கொண்டாந்து விடுங்க. டேப்பெல்லாம் வேணாம், இடம் நிறைய இருக்கு."